நூல் அறாமல் நடந்த நாய்

அப்பா இருந்தார். பாலிக் புலாவிலிருந்து லாரியோடு வந்திருந்த சித்தப்பா இருந்தார். அக்கா பூக்கட்டும் நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வரிசையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சீனக் கிழவர், ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்ததற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்தது என்பதுபோல நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். நான் இருந்தேன், எனக்குப் பதினோரு வயது. கோப்பி இருந்தது, அதற்கு எட்டு மாதம்.

அம்மா இல்லை. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து உள்ளறையில் படுத்திருந்தார். எழுப்ப வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். நாய் விஷயத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று நானும் நினைத்தேன்.

அன்றைக்குக் கோப்பிக்குப் பரீட்சை. வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலையின் பஸ் நிறுத்தம் வரை என்னோடு கயிற்றில் நடந்து போய், இழுக்காமல் பாயாமல் திரும்பி வந்தால் அது எங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் முச்சந்தியில் நின்ற சித்தப்பாவின் லாரியில் ஏறி, வந்த இடத்துக்கே போக வேண்டும். லாரியின் பின்பக்கம் ஓர் இரும்புச் சங்கிலி தயாராகக் கிடந்தது. காலையிலிருந்து நான் அதை நான்கு முறை போய்ப் பார்த்திருந்தேன்.

கோப்பியைக் கொண்டு வந்ததே சித்தப்பாதான். பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டத்தில் அவருக்கு லாரி ஓட்டும் வேலை. ஒரு நாள் பழக்கூடையை எங்கள் வாசலில் இறக்கினார். டுரியான் என்று நாங்கள் சூழ்ந்து நின்றோம். உள்ளே கோணிச் சாக்குக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. பால் கலந்த கோப்பி நிறம். பெயர் வைக்க யாரும் யோசிக்கவில்லை. அப்பா நகராண்மைக் கழகத்துக்குப் போய் லைசென்ஸ் எடுத்து, வட்டத் தகட்டைக் கழுத்தில் மாட்டினார். எங்கள் குடும்பத்தில் அரசாங்க முத்திரை போட்ட பொருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த முதல் ஆள் கோப்பிதான் என்று அக்கா சொல்வாள்.

ஆறு மாதம் வரை எல்லாம் நன்றாகவே போனது. அதன்பிறகு கோப்பிக்கு உடம்பு வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே காலை வைத்தால் அது என்னை இழுத்துக்கொண்டு போகும். சுங்கை பினாங்கில் எங்கள் சந்து, லோரோங் என்போம், இரண்டு மோட்டார் சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். அதற்குள்தான் கோழி, பூனை, சைக்கிள், உலர்த்தப் போட்ட துணி, பந்து விளையாடும் பிள்ளைகள் எல்லாம். கோப்பிக்கு எல்லாவற்றின் மீதும் சம அளவு அன்பு இருந்தது. அதைக் காட்டுவதற்கு ஓடிப்போய் மேலே விழுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"என்னாடா, நீ நாய நடத்துறியா, நாயி ஒன்ன நடத்துதா?" என்று பந்து விளையாடுகிறவர்கள் கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவர்களைத் தாண்டிப் போயிருப்பேன்.

முச்சந்தியில் ஒரு மலாய்க்கார அம்மா மேசை போட்டுப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தார். தெருவே அவரை அத்தை என்ற பொருளில் மக்சிக் என்றுதான் கூப்பிடும். காலை ஏழு மணிக்கு வருவார். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப், வாழை இலையில் சுற்றிய இனிப்பு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் எல்லாம் விற்றுத் தீர்ந்ததும் போய்விடுவார். பள்ளி விடுமுறை நாளொன்றில் கோப்பி என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு நேரே அந்த மேசைக்குப் போனது. கெட்ட எண்ணம் இல்லை. மேசைக்கு அடியில் ஒரு பூனை இருந்தது. மேசை சாய்ந்தது. கறிபாப் தட்டு தரையில் விழுந்தது. கோப்பி பூனையை மறந்துவிட்டுத் தட்டை நக்கியது.

எங்கள் தெருவில் இதற்கு மேல் பெரிய தப்பு இல்லை. நாயின் ஈர மூக்கு பட்ட தட்டை முஸ்லிம்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரில். இது பிள்ளைகளுக்கும் தெரியும். மக்சிக் கத்தவில்லை. தட்டைக் கையில் எடுக்காமல், காலால் ஓரமாகத் தள்ளி வைத்தார். "தாக் அபா லா," என்றார், பரவாயில்லை என்று. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அப்பா பலகாரத்துக்கான காசைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தட்டுக் கழுவ மண்ணையும் நாமே கொடுப்பதுதான் மரியாதை என்று அவருக்குத் தோன்றியது. கறிவேப்பிலைத் தொட்டியில் கையை விட்டார்.

"அதுல நான் மீன் கழுவுன தண்ணி ஊத்துறேன்," என்றார் அம்மா. "அந்த மண்ணக் கொண்டுபோயி குடுத்தா அந்தத் தட்டு எட்டாவது தடவையும் கழுவணும்."

அம்மாவே புதுத் தொட்டியிலிருந்து சுத்தமான மண்ணை ஒரு டின்னில் எடுத்து மூடி வைத்தார். மறுநாள் காலை வேலை முடிந்து வரும்போது தானே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அப்பா முடிக்கவில்லை. நோன்பு மாதத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. நோன்பு வந்தால் எங்கள் லோரோங் முனையிலிருந்து பெரிய சாலை வரை சாயங்காலச் சந்தை போடுவார்கள். ஒரு மேசை இருந்த இடத்தில் நாற்பது மேசை. "அதுக்குள்ள இந்த நாயி மனுசன் மாதிரி நடக்கணும்," என்றார் அப்பா. "இல்லன்னா தோட்டத்துக்குப் போவட்டும். அங்க இழுக்கிறதுக்கு மரந்தான் இருக்கு."

தோட்டத்தில் நாய்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். பழம் விழும் காலத்தில் மரத்துக்கு ஒன்றாகச் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். பன்றி வந்தால் குலைக்க வேண்டும். தலையில் அந்த முள்பழம் விழுந்தால் அது நாயின் அதிர்ஷ்டம். சித்தப்பா இதைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னார். நான் அன்று இரவு சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவர். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனது எங்களைச் சேர்க்கத்தான். அக்கா மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பூக்கடையில் சேர்ந்துவிட்டாள். ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படிக்கிறவன் நான் ஒருவன்தான். ஆகவே பிரச்சினை எதுவானாலும் அதற்கு ஒரு புத்தகம் இருக்கும் என்று நான் நம்பினேன். இதற்கும் இருந்தது. பள்ளி நூல்நிலையத்தில் கழித்துப்போட்ட புத்தகக் குவியலில், நாயைக் கயிற்றில் நடத்துவது எப்படி என்று ஒரு முழு அத்தியாயம். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி புல்வெளியில் நடக்கிறார். பக்கத்தில் ஒரு நாய் அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறது. அதன் கயிறு புன்னகைபோல் தொங்குகிறது.

அன்று சாயங்காலம் அம்மா வேலைக்குக் கிளம்புமுன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "என்னா போட்டிருக்கு, படி," என்றார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். நாய் இழுக்கும்போது நாம் இழுக்கக் கூடாது. கயிறு விறைத்த உடனே நிற்க வேண்டும். மரம்போல நிற்க வேண்டும். கயிறு தளர்ந்தால் மட்டும் நடக்க வேண்டும். நடந்தால் கோழி ஈரலில் ஒரு சிறு துண்டு கொடுக்க வேண்டும். முதலில் கவனத்தைச் சிதறடிக்கும் எதுவும் இல்லாத அமைதியான இடத்தில் தொடங்க வேண்டும்.

"அது எங்கருக்கு?" என்றாள் அக்கா.

அம்மா மட்டும் யோசித்துக் கேட்டார். "நாயி இழுத்தா நாம நிக்கணும். சரி. நாமளாவே நின்னா நாயி என்ன செய்யும்?"

நான் அத்தியாயம் முழுவதும் தேடினேன். அதற்குப் பதில் போடவில்லை. "அதெல்லாம் வராதும்மா. நாம ஏன் சும்மா நிக்கிறோம்?" என்றேன்.

"அதானே," என்றார் அம்மா.

அமைதியான இடத்தை நான் கண்டுபிடித்தேன். அது இடம் இல்லை, நேரம். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குத் தெருவில் பாதிப் பேர் தொழுகைக்குப் போயிருப்பார்கள். மீதிப் பேர் வெயிலுக்குப் பயந்து உள்ளே இருப்பார்கள். பள்ளியிலிருந்து ஓடி வந்து, சீருடையோடு கோப்பியை வெளியே கொண்டுவருவேன். வாரத்தில் அந்த ஒரு நாள், அரை மணி நேரம், லோரோங் எங்கள் இருவருக்கும் சொந்தம். மற்ற நாட்களில் சாயங்காலக் கூட்டத்தில் சமாளிக்க வேண்டியதுதான்.

ஈரலுக்கு வழியில்லை. அம்மா சம்பலுக்கு வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்தேன். கோப்பி அதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குடித்துவிட்டுக் கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்கும். அது நிற்கும்போதெல்லாம் கயிறு தளர்ந்திருப்பதால், விதிப்படி நான் இன்னொரு நெத்திலி கொடுப்பேன்.

மரமாக நிற்பதுதான் கஷ்டம். நான் நிற்பேன். கோப்பி முன்னங்காலைக் காற்றில் தூக்கிக்கொண்டு, கழுத்து நெரிய, இருமிக்கொண்டு இழுக்கும். ஒரு நாள் பட்டறைக்குக் கொஞ்சம் முன்னால் நான் அப்படி நின்ற நேரத்தில் சீனக் கிழவர் ஒரு மோட்டாரின் சக்கரத்தையே கழற்றி மாட்டிவிட்டார். பந்து விளையாடுகிறவர்களில் ஒருவன் வந்து என் சட்டைப் பையில் ஒரு மாவிலையைச் செருகிவிட்டுப் போனான். "மரத்துக்கு எலை வேணும்லடா," என்றான்.

நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதினேன். முதல் நாள், பதினேழு அடி. இரண்டாம் நாள், பன்னிரண்டு அடி. மூன்றாம் நாள் மழை. மூன்று வாரம் ஆனபோது வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில்தான் இருந்தோம். அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு பார்வை பார்ப்பார். கேட்க மாட்டார்.

நான்காவது வாரம் ஏதோ நடந்தது.

ஒரு சாயங்காலம் கயிற்றை மாட்டி வெளியே வந்தேன். கோப்பி பாயவில்லை. என் இடப்பக்கம் வந்து நின்று, நான் காலெடுத்து வைக்கக் காத்திருந்தது. நடந்தேன், அதுவும் நடந்தது. கோழி ஒன்று குறுக்கே போனது. கோப்பி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பழையபடி நடந்தது. பட்டறையைத் தாண்டிவிட்டோம். புத்தகத்தின் கடைசி வரியில் போட்டிருந்தது: பொறுமையாக இருங்கள், ஒரு நாள் உங்கள் நாய் திடீரென்று புரிந்துகொள்ளும். அந்த ஒரு நாள் இதுதான் என்று நோட்டில் எழுதி, சிவப்பு மையால் சுற்றி வட்டம் போட்டேன்.

அப்பா நம்பவில்லை. சித்தப்பா அதைவிட நம்பவில்லை. "நாயி கயித்த இழுக்குதா இல்லியான்னு பாக்கிற நமக்கு எப்பிடித் தெரியும்ணே? இவன் கையத் தளத்திக் குடுத்துக்கிட்டே போவான். படிச்ச பய," என்றார். நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலச் சந்தைக்கான கூடாரக் கம்பிகள் தெருவோரம் வந்து இறங்கிவிட்டன. அன்று காலையில்தான் சித்தப்பா அந்த யோசனையோடு வந்தார். கழுத்துப்பட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவில் பூக்கட்டும் நூலில் ஒரே ஒரு இழை. கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தாலும் அறுந்துவிடும். அறுந்தால் பக்கத்தில் வரும் அவர் கோப்பியைப் பிடித்து அப்படியே லாரியில் ஏற்றிவிடுவார்.

அக்கா இழையைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தாள். "ரெண்டு இழையாக் கட்டட்டுமா?" என்று என் காதருகே கேட்டாள். நான் நேர்மையானவன். வேண்டாம் என்றேன். சொன்ன உடனேயே வருத்தப்பட்டேன்.

கிளம்பினோம். முன்னால் நானும் கோப்பியும். ஓரடி பக்கவாட்டில் சித்தப்பா. பின்னால் அப்பா, கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு.

கோப்பி நடந்தது. எப்படிச் சொல்வது, அது நாய் நடக்கும் நடை இல்லை. ஒவ்வொரு காலாக யோசித்து வைத்தது. எனக்கு அந்த வேகத்தில் நடக்கவே வரவில்லை. நூல் லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு போனதில், பட்டறைக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தருகே கோப்பி நின்றுவிட்டதைக் கவனிக்கவில்லை. இன்னும் அரை அடி போயிருந்தால் நானே நூலை அறுத்திருப்பேன்.

"ஏய், ஏய், நில்லு," என்றார் சித்தப்பா, என்னைப் பார்த்து.

நின்றேன். கோப்பி கம்பத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. சும்மா நின்றது. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். பிறகு நடந்தது. இது புத்தகத்தில் இல்லை.

அடுத்தது மக்சிக்கின் கடை. அப்பா பின்னாலிருந்து எங்களுக்கு அருகே வந்துவிட்டார். மேசையில் கறிபாப் அடுக்கியிருந்தது. அடியில் அதே பூனை. மேசைக்கு இரண்டு முழம் தள்ளி, நிழலில், ஒரு நீலப் பிளாஸ்டிக் முக்காலி காலியாகக் கிடந்தது. கோப்பி பூனையைப் பார்க்கவில்லை. அந்த முக்காலிக்குப் பின்னால் போய், மூக்கை மேசைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

அப்பா கையைப் பின்னாலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்தார். மன்னிப்புக் கேட்க அவர் வாயைத் திறப்பதற்குள் மக்சிக் என்னிடம் மலாயில் கேட்டார்: அம்மா தூங்குகிறாரா, கால் இன்றைக்குப் பரவாயில்லையா?

பெரியவர்கள் எதைக் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் சொல்வேன். "பாயிக், மக்சிக்," என்றேன். நல்லது என்று அர்த்தம். என் கண் நூலில் இருந்தது. கோப்பி எழுந்தால் எந்தப் பக்கம் எழும், நான் எந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும் என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு கவலை இல்லை. அப்பா மக்சிக்கையும் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதா, கேட்கவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கோப்பி தானாக எழுந்தது. மூடிக்கிடந்த சலவைக்கடையின் படியருகே மறுபடி நின்றது. பெரிய சாலையின் பஸ் நிறுத்தத்தில் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெஞ்சின் ஓரத்தை நிமிர்ந்து பார்த்தது. அங்கே யாரும் இல்லை. ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கி, போயிற்று. அதன்பிறகுதான் எழுந்தது.

"அண்ணே, இது நாயில்ல," என்றார் சித்தப்பா. "பென்சன் வாங்குன ஆபீஸ் கிராணி."

அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

திரும்பும் வழியில் ஒரு கண்டம் இருந்தது. கூடாரக் கம்பி இறக்குகிறவர்கள் ஒரு கட்டைத் தரையில் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குச் சாக்கடை ஓரத்திலிருந்து பூனை கோப்பியின் மூக்குக்கு முன்னால் பாய்ந்து ஓடியது. கோப்பியின் முதுகு மயிர் நிமிர்ந்தது. நூல் விறைத்தது. அதில் ஒரு முறுக்கு பிரிவதை நான் பார்த்தேன். எல்லாவற்றையும் மறந்து மரமாக நின்றேன். சித்தப்பா கையை நீட்டிவிட்டார்.

கோப்பி பூனை போன திசையைப் பார்த்தது. பிறகு என் முழங்காலைப் பார்த்தது. நான் நிற்கிறேன் என்று தெரிந்ததும் பின்வாங்கி வந்து என் காலோடு ஒட்டி நின்றது. நூல் தளர்ந்தது.

ஆறு நிமிடத் தெருவை நாங்கள் முப்பத்தைந்து நிமிடத்தில் நடந்து முடித்தோம். சீனக் கிழவர் கை தட்டினார். சித்தப்பா கழுத்துப்பட்டையிலிருந்து நூலை அவிழ்த்து என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, லாரிக்குப் போய்ச் சங்கிலியை இருக்கைக்கு அடியில் தள்ளினார். அப்பா மக்சிக்கின் மேசையில் மிச்சமிருந்த கறிபாப் எல்லாவற்றையும் வாங்கி வந்தார். எழுப்பக் கூடாது என்பது மறந்து நான் உள்ளறைக்கு ஓடினேன்.

அம்மா விழித்துத்தான் இருந்தார். தரையில் பாய் போட்டுப் படுத்து, இரண்டு குதிகாலையும் சுவரில் உயர வைத்திருந்தார். அம்மா எப்போதும் அப்படித்தான் படுப்பார். சுவரில் அந்த இடம் கறுத்திருக்கும். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் காலைச் சுவரில் வைத்துத்தான் தூங்குவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"நூலு அறுபடவே இல்லம்மா."

"தெரியும்."

"எப்பிடி?"

"அறுந்திருந்தா நீ இவ்ளோ நேரங்கழிச்சி வரமாட்ட." கையை நீட்டி என் மணிக்கட்டு நூலைத் தொட்டுப் பார்த்தார். "எங்கெங்க நின்னிச்சி?"

சொன்னேன். கம்பம், மக்சிக் கடை, சலவைக்கடைப் படி, பஸ் நிறுத்தம். திரும்பி வரும்போதும் அதே இடங்கள். "அது மட்டுந்தான் தப்பும்மா. காரணமே இல்லாம நிக்குது. அடுத்த மாசத்துக்குள்ள அதையும் திருத்திடுவேன்."

அம்மா குதிகாலைச் சுவரில் இன்னும் கொஞ்சம் உயர நகர்த்தினார். "அத மட்டும் திருத்தாத தம்பி," என்றார். "பாவம், நின்னுட்டுப் போவட்டும்."

அம்மாவுக்கு நாய்மேல் இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆசிரியரிடம், இதில் போட்டிருப்பது எல்லாம் சரிதான் என்று சான்றிதழ் கொடுப்பவன்போலச் சொன்னேன்.

பிறகு நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். அங்கிருந்து ஜொகூரில் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கடைசி வருடத்துக்கு முந்தின விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, கோப்பியின் முகவாய் நரைத்திருந்தது. ஒரு நாள் காலை அம்மா வேலை முடிந்து வந்தார். குளித்தார். பசாருக்குக் கூடையை எடுத்தார். கோப்பி தானாக எழுந்து போய்க் கயிறு மாட்டியிருந்த ஆணிக்கடியில் நின்றது. அம்மா கயிற்றை மாட்டினார். இருவரும் அதைப் பல வருடமாகச் செய்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. நான் சிறுவனாக இருந்தபோது காலை ஏழு மணிக்கே நாங்கள் எல்லோரும் வீட்டை விட்டுப் போயிருப்போம். எட்டு மணிக்கு வீட்டில் அம்மாவும் நாயும் மட்டும்தான். இதை யோசித்துப் பார்க்க எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

நானும் கூடப் போனேன். கம்பத்துக்கு ஓரடி முன்பே கோப்பி நின்றது. அம்மா கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டு இடது காலைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கினார். பத்து எண்ணுகிற நேரம். மக்சிக் எங்களை நிமிர்ந்து பார்க்காமலே நீல முக்காலியைக் காலால் நகர்த்திவிட்டார். அம்மா உட்கார்ந்தார். கோப்பி பின்னால் போய் மூக்கை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு படுத்தது. அடுத்து சலவைக்கடைப் படி. அடுத்து பஸ் நிறுத்தத்தின் பெஞ்சு, அதன் ஓரத்து இடம். எதிரே பசாருக்குச் சாலையைக் கடக்குமுன் அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துக் கட்டினார். நரம்புகள் நீலமாக, கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. இடது குதிகாலுக்கு மேல் தோல் கறுத்து வெடித்திருந்தது.

"எவ்ளோ நாளாம்மா?"

"கொஞ்ச நாளாத்தான்."

நான் கோப்பியைப் பார்த்தேன். அதற்குப் பத்து வயதாகியிருந்தது.

"பன்னெண்டு மணி நேரம் நின்னே செய்யிற வேலை. காலு சரியில்லன்னு தெரிஞ்சா நைட்டு ஷிப்டு தரமாட்டான். நைட்டு அலவன்ஸ்லதான் ஒன் படிப்பு ஓடுது," என்றார் அம்மா, பஸ் நேரம் சொல்வதுபோல. பிறகு கோப்பியின் தலையில் கையை வைத்தார். "சும்மா ஒரு பொம்பள கம்பத்துக்குக் கம்பம் நின்னா என்னா ஏதுன்னு கேப்பாங்க. நாயோட நின்னா யாரும் கேக்கமாட்டாங்க. நாயி நிக்குதுன்னு நெனச்சிப்பாங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, முன்பே வந்திருக்கலாம் என்றார். இனி உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்ள இறுக்கமான காலுறையும் எழுதினார். மருந்துக்கடைப் பெண் அம்மாவின் கணுக்காலையும் கெண்டைக்காலையும் நாடாவால் அளந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுத்தாள். ஒன்று துவைத்துக் காயும்போது போட இன்னொன்று வேண்டும் என்றாள். அம்மா பெட்டியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். கையைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார். நான் மரமாக நின்றேன்.

இரண்டு ஜோடி வாங்கினேன், முந்நூற்று இருபது வெள்ளி.